இந்திய நட்சத்திர விருதும் அதன் சின்னங்களும்

அரசு என்பது தோன்றிய நாள் தொட்டே, அரசர் தமக்கு உற்றுழி உதவினோர்க்குப் பட்டமும் பரிசும் நல்கிச் சிறப்பித்து வந்தனர் என்பது யாவரும் அறிந்ததொன்றாம். நம் தமிழகத்து வேந்தரும் இவ்வழக்கத்திற்குப் புறம்பானவரல்லர். படைத்தலைவர்க்கு ஏனாதி என்னும் பட்டமும் அதற்குரிய மோதிரமும், வணிகருட் சிறந்தார்க்கு எட்டி என்னும் பட்டமும் அதற்குரிய பொற்பூவும், அமைச்சர் முதலியோர்க்குக் காவிதி என்னும் பட்டமும் வழங்கப்பட்ட செய்தியைப் பண்டை நூல்களாலும் உரைகளாலும் அறிகின்றோம். பாணர்க்குப் பொற்றாமரை சூட்டிய வள்ளல்களையும் நாம் மறந்தோமில்லை. ஆகவே, பட்டமும் சின்னமும் மேனாட்டார் நமக்குக் கற்பித்தன அல்ல. ஆயின், அவர்கள் இந்நாட்டை ஆண்ட காலத்தில் அப்பழைய வழக்கத்தைத் தம் ஆட்சிக்கு ஒரு கருவியாக எவ்வாறு அமைத்துக்கொண்டனர் என்பது ஆராய்தற்குரியது.

இப்பொருளை இம்மாதம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. நம் சங்கத்து அன்பர் சிலர், தங்கள் பாட்டனார், முப்பாட்டனார் பெற்ற பழைய சன்னதுகளையும் பதக்கங்களையும் பெட்டியினின்றும் எடுத்து வந்து காட்டி, “இவை யாவை? இவற்றின் பெருமை யாது? இவற்றை நமது பத்திரிகையில் வெளியிடலாகுமா?” என்று வினவுகின்றனர். அவருட் சிலர் இவற்றைக் குலதனமாகப் போற்றுகின்றனர். வேறு சில இளைஞரோ, “அன்னிய அரசுக்கு அடிமை செய்ததற்குக் கிடைத்த கூலி இது, உலையில் இட்டு உருக்குதலே தக்கது” என்று கூசாது கூறுகின்றனர். ஒரே வீட்டில் தந்தையும் மைந்தரும் இதுபற்றி முகங்கோணிப் பேசுதலையும் கண்டோம். இரு திறத்தாரும் வரலாற்றை உணர்ந்து பேசுதல் நலமென்று கருதி, அக்காலத்து விருதுகளுட் தலையாயதாகிய ‘ஸ்டார் ஆப் இந்தியா’ எனப்படும் இந்திய நட்சத்திர விருதின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1857ஆம் ஆண்டில் வட இந்தியாவில் மூண்ட பெருங்கிளர்ச்சி கும்பினியார் ஆட்சியை அடியோடு அசைத்தது. அக்கிளர்ச்சி அடங்கிய பின்னர், 1858ஆம் ஆண்டில் கும்பினியின் ஆட்சி நீங்கி, இந்நாடு விக்டோரியா மகாராணியாரின் நேரான ஆட்சிக்குட்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதம் 1ஆம் தேதி மகாராணியாரின் பிரகடனம் நாடெங்கும் வாசிக்கப்பட்டது. படைவலி ஒன்றையே நம்பி இப்பெரு நாட்டை ஆளுதல் அரிதென்பதை ஆங்கிலர் அக்கிளர்ச்சியால் உணர்ந்தனர். சுதேச மன்னர்களும் செல்வாக்குடையோரும் தம் பக்கம் நின்றாலன்றித் தம் ஆட்சி நிலைபெறாது என்று கண்டு, அவர்களைத் தம்மோடு பிணிக்கும் கயிறொன்றைத் தேடினர். அக்கயிறே 1861ஆம் ஆண்டில் மகாராணியாரால் ஏற்படுத்தப்பட்ட இந்திய நட்சத்திர விருது.

இவ்விருதின் பெயர், வடிவம் முதலியவற்றை வகுப்பதில் மகாராணியாரும் அவர்தம் கணவராகிய ஆல்பர்ட் இளவரசரும் பெரிதும் கருத்துச் செலுத்தினர். இங்கிலாந்தின் பழைய விருதுகள் பலவும் கிறிஸ்தவ மதத்தோடு தொடர்புடையன. சிலுவை வடிவமும் அர்ச்சியசிஷ்டர் பெயரும் அவற்றில் விளங்கும். இந்துக்களும் முகம்மதியரும் சீக்கியரும் அணிய வேண்டியதாகிய புதிய விருதில் அவை இருத்தல் பொருந்தாதென்று கருதி, எச்சமயத்தார்க்கும் பொதுவாகிய விண்மீனைச் சின்னமாகக் கொண்டனர். ஏனைய விருதுகளில் முதல் வகுப்பினர் ‘பெருஞ்சிலுவையர்’ என்னும் பொருள்படும் பெயர் பெறுவர். இதிலோ அச்சொல்லை நீக்கிப் ‘பெருந்தளபதி’ என்னும் பொருள்படும் பெயரே இடப்பட்டது. விருதின் வாசகமும் ‘வானொளியே நமக்கு வழிகாட்டி’ என்னும் பொருளுடையதாய், எம்மதத்தார் மனத்தையும் புண்படுத்தாவாறு அமைந்தது. இவ்வளவு நுணுக்கமாக நம்மவர் மனநிலையை எண்ணிச் செய்தமை வியக்கத்தக்கதே.

இனிச் சின்னங்களின் இயல்பைக் கூறுவாம். முதல் வகுப்பினர் அணிவன நான்கு. அவை தொங்கற் சின்னம், மார்பு நட்சத்திரம், கழுத்தாரம், மேலங்கி என்பன. தொங்கற் சின்னமாவது, கோமேதக வகைக் கல்லிற் புடைப்பாகச் செதுக்கிய மகாராணியாரின் திருவுருவத்தை நடுவே கொண்ட நீள்வட்ட வடிவினது. அவ்வுருவத்தைச் சுற்றி இளநீல மீனாக்காரி வேலைப்பாட்டில் விருது வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் வைரம் இழைத்த ஐந்து முனை விண்மீன் ஒன்று திகழும். மார்பு நட்சத்திரம் பொற்கதிர்கள் சுற்றிலும் பரவ, நடுவே ஐங்கோண வைர விண்மீனும் அதனைச் சூழ்ந்த இளநீல வளையத்தில் வாசகமும் உடையது. கழுத்தாரம் பொன்னாலாயது. நம் நாட்டுத் தாமரை மலரும், பனையோலைக் கீற்றும், இங்கிலாந்தின் ரோஜா மலரும் அதில் மாறிமாறிக் கோக்கப்பட, நடுவே முடியொன்று விளங்கும். மேலங்கி வெண்பட்டு உள்வரியிட்ட இளநீலச் சாட்டின் துணியாலாயது. விருதுக்குரிய நாடா இளநீல நிறமும் இரு ஓரங்களிலும் வெண்கோடும் உடையது. பாணர் சூடிய பொற்றாமரை அவர்தம் பாட்டுக்குக் கிடைத்தது. இவ்வாரத்திற் கோத்த பொற்றாமரையோ ஆட்சிக்குத் துணைநின்றமைக்குக் கிடைத்தது. மலர் ஒன்றேயாயினும் அது பூத்த குளம் வேறு.

முதன்முதல் இவ்விருதைச் சூட்டும் விழா 1861ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் தேதி நிகழ்ந்தது. பிரகடனம் வாசிக்கப்பட்ட நாளின் மூன்றாவது ஆண்டு நிறைவு அது. அன்று சீமையில் வின்ட்ஸர் அரண்மனையில் மகாராணியார் தம் கையாலேயே சிலர்க்குச் சூட்டினர். அலகாபாத்தில் இராஜப்பிரதிநிதியாகிய கானிங் பிரபு, குவாலியர் சிந்தியா மகாராஜா, பாட்டியாலா மகாராஜா, இராம்பூர் நவாபு, போபால் சிக்கந்தர் பேகம் ஆகியோர்க்குச் சூட்டினர். இம்மன்னர் அனைவரும் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கிலர்க்குத் துணைநின்றவர் என்பதை நோக்கின், விருதின் உட்கருத்து வெள்ளிடை மலைபோல் விளங்கும். ஆண்களே வீரப்பட்டம் பெற்ற அக்காலத்தில் பெண்ணரசியாகிய சிக்கந்தர் பேகமும் அவர்களோடு ஒப்ப இவ்விருதைப் பெற்றமை குறிப்பிடத்தக்கது.

வின்ட்ஸரில் அன்று விருது பெற்றவருள் பஞ்சாபின் மகாராஜா துலீப் சிங்கும் ஒருவர். அவர் இரஞ்சித் சிங்கின் மைந்தர். 1849ஆம் ஆண்டில், சிறு பிள்ளையாக இருந்தபொழுதே, தம் நாட்டையும் கோஹினூர் வைரத்தையும் ஆங்கிலர்பால் இழந்தவர். நாட்டைக் கொண்டவர் அவர்க்கு நட்சத்திரத்தைக் கொடுத்தனர். பிற்காலத்தில் அவர் மனம் மாறித் தாய்நாடு திரும்பப் புறப்பட்டபோது, 1886ஆம் ஆண்டில் ஏடனில் தடுத்து நிறுத்தப்பட்டார். 1893ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உயிர் நீத்தார். மார்பில் அணிந்த நட்சத்திரம் அவரை அவர் பிறந்த மண்ணுக்குக் கொண்டுசேர்க்கவில்லை.

விருதை ஏற்பதில் எல்லாரும் ஒரே மனத்தினராக இருந்தாரல்லர். ஐதராபாத் நைஜாமின் சார்பில் அவருடைய திவான் சாலார் ஜங் சில தடைகளை எடுத்துரைத்தார். தம் முன்னோர் உடையையே மதித்து வருதல் அந்நாட்டு மன்னர் மரபு என்பதும், அயலார் மேலங்கியை அணிதல் குடிகளின் நகைப்புக்கிடமாகும் என்பதும், பட்டாடையும் உருவம் பொறித்த சின்னமும் இஸ்லாமிய நெறிக்கு மாறாகும் என்பதும் அத்தடைகளாம். சிலுவையை நீக்கிச் சமயப் பொதுமை காட்டிய ஆங்கிலர், மகாராணியாரின் உருவத்தை மட்டும் கடைசிவரை நீக்கவில்லை. விக்டோரியாவுக்குப் பின் வந்த மன்னர் காலத்திலும் சின்னத்தில் அவர் உருவமே நிலைத்திருந்தது. அணிபவன் எவனாயினும் அவன் நெஞ்சின்மேல் யாருடைய முகம் இருத்தல் வேண்டும் என்பதில் அவர்கள் விட்டுக்கொடுத்திலர்.

நிற்க. தொடக்கத்தில் ஒரே வகுப்பாய் இருபத்தைவர்க்கு மட்டும் உரியதாக இருந்த இவ்விருது, 1866ஆம் ஆண்டில் மூன்று வகுப்பாக விரிந்தது. முதல் வகுப்பினர் ஜி.ஸி.எஸ்.ஐ. என்றும், இரண்டாம் வகுப்பினர் கே.ஸி.எஸ்.ஐ. என்றும், மூன்றாம் வகுப்பினர் ஸி.எஸ்.ஐ. என்றும் தம் பெயர்க்குப் பின் எழுதிக்கொண்டனர். முதலிரு வகுப்பினர்க்கு ‘சர்’ பட்டமும் மார்பு நட்சத்திரமும் உண்டு; மூன்றாம் வகுப்பினர்க்கு அவை இல்லை. 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி டில்லி தர்பாரில் விக்டோரியா சக்கரவர்த்தினி என முரசறையப்பட்டதை நினைவூட்டும் பொருட்டு, 1878ஆம் ஆண்டில் இந்தியப் பேரரசு விருது என்னும் மற்றொன்று தோன்றியது. ஸி.ஐ.இ., கே.ஸி.ஐ.இ., ஜி.ஸி.ஐ.இ. என்னும் எழுத்துக்கள் இதற்குரியன. பெண்பாலார்க்கெனவே ‘கிரௌன் ஆப் இந்தியா’ விருதும் அவ்வாண்டிலேயே ஏற்பட்டது. 1900ஆம் ஆண்டில் பொதுநலத் தொண்டர்க்கென்று கெய்சரி ஹிந்த் பதக்கம் வந்தது. 1911ஆம் ஆண்டு தர்பாரின்போது திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் முதலிய பட்டங்கட்கும் தனித்தனிப் பதக்கங்கள் வகுக்கப்பட்டன.

அன்பர் தம் வீட்டுப் பதக்கம் எதுவென அறியுமாறு அடையாளம் கூறுவாம். ஐந்து முனை விண்மீனும் இளநீல நாடாவும் உடையது இந்திய நட்சத்திரம். ஐந்து இதழ்ச் செந்நிற ரோஜா வடிவும், நடுவே விக்டோரியாவின் முகமும், கருநீல நாடாவும் உடையது இந்தியப் பேரரசு விருது. நீள்வட்டமாய் அரச எழுத்து முடிச்சு உடையது கெய்சரி ஹிந்த். அது பொன், வெள்ளி, வெண்கலம் என்னும் மூவகைத்து. முடிசூடிய மன்னர் முகத்தைச் சுற்றிப் பட்டத்தின் பெயரே எழுதப்பட்டிருப்பின், அது திவான் பகதூர், ராவ் பகதூர் முதலிய பட்டப் பதக்கமாம். நம் இல்லங்களிற் காண்பன பெரும்பாலும் இக்கடைசி வகையினவே.

அதற்குக் காரணமும் உண்டு. நட்சத்திர விருதின் விலையுயர்ந்த சின்னங்கள் பெற்றவர்க்கே சொந்தமானவை அல்ல. அவர் காலஞ்சென்ற பின் மக்கள் அவற்றை அரசாங்கத்தாரிடம் திருப்பி ஒப்புவித்தல் வேண்டும் என்பது விதி. அது தந்தையின் பொருள்போல் மைந்தர்க்கு வழிவழி வாராது. அரசர் அளித்த பெருமை இரவலே என்பதனை அவ்விதியே நமக்கு உணர்த்துகின்றது.

தமிழகத்தோடு தொடர்புடைய பெரியோர் சிலரும் இவ்விருதுகளைப் பெற்றனர். கும்பகோணத்தில் 1828ஆம் ஆண்டில் பிறந்த மாதவராவ் திருவிதாங்கூர்த் திவானாக அமர்ந்து, மிளகு, புகையிலை ஆகியவற்றில் அரசாங்கம் வைத்திருந்த ஏகபோகத்தை நீக்கி, கடனில் ஆழ்ந்திருந்த அந்நாட்டின் பொருள்நிலையைச் சீர்படுத்தி, 1866ஆம் ஆண்டில் கே.ஸி.எஸ்.ஐ. பெற்றார். பின்னர் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய அவரே, 1887ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையின் வரவேற்புச் சபைக்குத் தலைமை வகித்தார். அவர்க்குப் பின் திருவிதாங்கூர்த் திவானாகி, அதன்பின் புதுக்கோட்டையைச் சீர்திருத்திய சேஷய்ய சாஸ்திரியாரும் கே.ஸி.எஸ்.ஐ. பெற்றவரே. சிறுவயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை செய்து, பின் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகிய முத்துசாமி ஐயர் 1893ஆம் ஆண்டில் கே.ஸி.ஐ.இ. ஆனார். அந்நீதிமன்றத்துள் காலணியின்றி அமர்ந்த கோலத்தில் விளங்கும் அவர் சிலையை வழக்கறிஞர் இன்றும் காண்கின்றனர்.

இவர்கள் பெற்றவை தகுதிக்குக் கிடைத்தவை அல்ல என்று எவரே கூற வல்லார்? ஆயின், நாணயத்திற்கு மறுபுறமும் உண்டன்றோ? 1919ஆம் ஆண்டில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்த காலத்தில் பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து, அச்செயலை ஆதரித்து நின்ற மைக்கேல் ஓட்வயரும் கே.ஸி.எஸ்.ஐ., ஜி.ஸி.ஐ.இ. என்னும் விருதுகளை உடையவரே. மிளகு வரியைக் குறைத்தவர் மார்பிலும், அப்பாவி மக்களின் குருதி சிந்தியதை நியாயப்படுத்தியவர் மார்பிலும் ஒரே விண்மீன் ஒளிர்ந்ததென்றால், அவ்விண்மீனைக் கொண்டு ஒருவரை அளத்தல் இயலாது என்பது பெறப்படும்.

இதனை முன்னரே உணர்ந்தவரும் நம் நாட்டில் இருந்தனர். மதுரையில் 1842ஆம் ஆண்டில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி வேலையையும் தாற்காலிகமாகப் பார்த்த முதல் இந்தியராகிய மணி ஐயர் எனப்படும் சுப்பிரமணிய ஐயர், 1900ஆம் ஆண்டில் கே.ஸி.ஐ.இ. பெற்றவர். அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்ட 1917ஆம் ஆண்டில், இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டி அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு அவர் கடிதம் எழுதினார். அதற்காக இந்தியா மந்திரி மாண்டேகு பழித்துரைத்தபோது, அம்முதியவர் 1918ஆம் ஆண்டில் தம் கே.ஸி.ஐ.இ. விருதையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். அப்போது அவர்க்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். இழப்பதற்கு எஞ்சியிருந்தது மானம் ஒன்றே. அதனை அவர் இழக்க ஒருப்பட்டிலர். அதற்கு அடுத்த ஆண்டில், பஞ்சாபின் கொடுமை கண்டு, கவி ரவீந்திரநாத் தாகூர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1ஆம் தேதி காந்தியடிகள் தமக்குக் கிடைத்த கெய்சரி ஹிந்த் பொற்பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். பெற்றபோது உயர்ந்ததைக் காட்டிலும் துறந்தபோது இவர்கள் பன்மடங்கு உயர்ந்தனர்.

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றதோடு இவ்விருதுகள் முடிவெய்தின. 1948ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் புதிதாக நியமிக்கப்படவில்லை. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புக்கள் நீங்கலாக, அரசு பட்டம் எதுவும் வழங்கலாகாதென்று விதித்தது. 1954ஆம் ஆண்டில் பாரத ரத்னமும் பத்ம விருதுகளும் ஏற்பட்டன. அவை பட்டங்கள் அல்ல என்றும், பெற்றவர் தம் பெயர்க்கு முன்னோ பின்னோ அவற்றைச் சேர்த்து எழுதலாகாதென்றும் 1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதர்க்குள் பட்டத்தால் மேல் கீழ் வகுத்தல் குடியரசுக்கு ஏலாது என்பதே இதன் கருத்து.

நட்சத்திர விருதின் முதல் வகுப்பைப் பெற்றவருள் கடைசியாக வாழ்ந்தவர், 1991ஆம் ஆண்டில் காலஞ்சென்ற திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மா. மூன்று வகுப்புக்களையும் சேர்த்து நோக்கின், 2009ஆம் ஆண்டில் மறைந்த ஆல்வார் மகாராஜா தேஜ் சிங் கடைசியானவர். சித்திரைத் திருநாளை இன்று நம் மக்கள் எதனால் நினைக்கின்றனர்? அவர் மார்பின் வைர விண்மீனால் அன்று. 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் தேதி, தம் நாட்டு அரசாங்கக் கோயில்களின் வாயில்களைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் திறந்துவிட்ட அவரது பிரகடனத்தாலேயே நினைக்கின்றனர். நட்சத்திரத்தைக் கொடுத்தவன் வேற்று நாட்டு மன்னன். நினைவைக் கொடுத்தவர் வாயிலில் நின்ற எளிய மக்கள்.

ஆதலின், சன்னதும் பதக்கமும் கொணர்ந்த அன்பர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. அவற்றை உருக்கவும் வேண்டா. பூசையறையில் வைத்து வணங்கவும் வேண்டா. துடைத்து, உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துக. உடன் ஒரு தாள் இடுக. அத்தாளில், பெற்றவர் யார், எந்த ஆண்டில் பெற்றார், எச்செயலுக்காகப் பெற்றார் என்று உண்மையை எழுதுக. பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார் எனின் அதனை எழுதுக. பள்ளிக்கூடம் கட்டினார், குளம் வெட்டினார் எனின் அதனை எழுதுக. கலெக்டர் துரைக்கு விருந்து வைத்ததற்காகப் பெற்றார் எனின் அதனையும் ஒளியாது எழுதுக. முன்னோர் செய்த பிழையை மறைத்தலால் அவர் பெருமை வளராது. அவர் செய்த நன்மையை மறத்தலாலும் நம் சிறுமை குறையாது.

அவ்வாறு எழுதப்பட்ட தாளோடு வரும் படங்களை இப்பத்திரிகையில் வெளியிட நாம் மகிழ்ச்சியோடு இசைகின்றோம். தாளின்றி வரும் பதக்கத்தை மட்டும் வெளியிட இசையோம். பட்டம் பெற்றவர் பெயர் வரிசையே ஒரு சமூகத்தின் சரித்திரம் என்று கருதி வந்த காலம் கழிந்தது. எழுத்தறியாதார்க்கு எழுத்தறிவித்தவரும், கைம்பெண்டிர்க்கு ஆதரவளித்தவரும், வட்டி வாங்காது விதைநெல் கொடுத்தவரும் நம் முன்னோருள் எத்துணையோ பேர். அவர்க்கு ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை. அவர்தம் செயல்களை முதியோர் வாயினின்றும் கேட்டு எழுதி அனுப்புதல் நம் இளைஞர் கடன். அவை வருமாயின், நட்சத்திரம் பெற்றார் பெயர்க்கு அருகிலேயே அவற்றையும் அச்சிட்டு மகிழ்வோம்.